காண்பதும் ஒரு செயலே

ஓர் உயிரைக் கொல்வது பாவம் என்பதில் நம்மவருள் எவர்க்கும் ஐயமில்லை. பிறரைக் கொண்டு கொல்விப்பதும் பாவமே என்பதை நாம் அறிவோம். பிறர் செய்யும் கொலைக்கு உள்ளம் உடன்படுவதும் அவ்வினையில் பங்கு கொள்வதே என்று நம் ஆசாரியர்கள் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தே உரைத்துள்ளனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் இம்மூன்றும் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றன் வழியாகவும் நிகழும். ஆகவே வினை வந்து சேரும் வழிகள் ஒன்பது என்பர். முதலிரண்டையும் காத்துக்கொள்வது ஓரளவு எளிது. அவை வெளியே தெரிவன. உடன்பாடோ உள்ளத்தினுள்ளே நிகழ்வது. அது நிகழ்ந்ததைப் பல வேளைகளில் நாமே அறிவதில்லை.

அண்மையில் எங்கள் இல்லத்தில் எழுந்த ஒரு பயணப் பேச்சு, இந்த மூன்றாவதைப் பற்றி என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையை வாசக அன்பர்கள் முன் வைக்கின்றேன். எங்கள் வீட்டில் எழுந்த வினா நாளை உங்கள் வீட்டிலும் எழக்கூடும்.

பேரனின் விருப்பம்

எங்கள் முன்னோர் ஊர் வந்தவாசிப் பக்கம். ஆசிரியப் பணியின் பொருட்டு நான் பெரியபாளையத்திற்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. மகன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணி புரிகின்றான். பேரன் சென்னையில் கணிப்பொறித் துறையில் இருக்கின்றான். சென்ற தீபாவளியன்று, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய அந்நாளின் வழிபாடு முடிந்து அனைவரும் அமர்ந்திருந்தபோது, அவன் தன் திட்டத்தைச் சொன்னான். வரும் ஆகஸ்டு மாதம் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவிற்குச் சென்று, விலங்குகளின் பெரும் வலசையைக் காண வேண்டும் என்பதே அது.

"தாத்தா, வாழ்நாளில் ஒருமுறையேனும் காண வேண்டிய காட்சி. நீங்களும் பாட்டியும் உடன் வரவேண்டும்" என்றான்.

அக்காட்சி இன்னதென்று அறியாதவர்க்காகச் சில சொற்கள். கிழக்காப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் செரங்கெட்டிச் சமவெளியும், கென்யாவின் மசாய் மாரா காப்பகமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. வில்டபீஸ்ட் என்னும் விலங்கு அங்கே வாழ்கின்றது. மாட்டின் தலையும் தாடியும் கொண்டு தோன்றினும் அது மான் இனத்தைச் சார்ந்தது. ஏறத்தாழ 13 லட்சம் வில்டபீஸ்ட்கள், 2 லட்சம் வரிக்குதிரைகளோடும் சிறு மான்களோடும் சேர்ந்து, மழையையும் புல்லையும் தொடர்ந்து ஆண்டுதோறும் அச்சமவெளியை வலஞ்சுழியாகச் சுற்றி வருகின்றன. பிப்ரவரி மாதத்தை ஒட்டித் தெற்கிலுள்ள குறும்புல் வெளியில் கன்று ஈனுகின்றன. பிறந்த கன்று சில நிமிடங்களிலேயே எழுந்து நிற்கின்றது. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றை இவை திரள் திரளாகக் கடக்கின்றன. ஆற்றில் முதலைகள் காத்திருக்கின்றன. நெரிசலாலும் வெள்ளத்தாலும் மாள்பவை இன்னும் பல; ஆண்டொன்றுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்கள் அவ்வாற்றில் மூழ்கி இறப்பதாக 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகெங்கிலுமிருந்து மக்கள் பெரும்பொருள் செலவிட்டுச் சென்று காண்பது, பெரும்பாலும் இந்த ஆறு கடக்கும் காட்சியையே.

விரதமும் வினாவும்

என்னைப் பொறுத்தவரை விடை எளிதாக இருந்தது. பணி ஓய்வு பெற்ற ஆண்டில் ஒரு முனிவரின் திருமுன் நான் திக்விரதம் ஏற்றேன். வடகிழக்கே சம்மேத சிகர்ஜி, மேற்கே கிரிநார், தெற்கே குமரி, கிழக்கே கடல் என்பன என் எல்லைகள். இவற்றைக் கடந்து செல்வதில்லை என்பது உறுதி. எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்கு நம்மால் நேரக்கூடிய இடரெல்லாம் அந்த ஒரு சொல்லால் தவிர்க்கப்படுகின்றது என்பதே அவ்விரதத்தின் பயன். ஆனால் என் விரதம் என்னை மட்டுமே காக்கும். அதனை ஏற்காத இளைஞனுக்கு அதையே விடையாகச் சொல்வது முறையன்று. அவனுக்கு அறத்தின் வழியிலேயே காரணம் காட்ட வேண்டும்.

குணவிரதங்களுள் மற்றொன்று அநர்த்ததண்ட விரதம். பயனின்றிப் பிற உயிர்க்குத் துன்பம் விளைப்பதினின்று நீங்குதல். சமந்தபத்திர ஆசாரியார் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை ஐந்து வகையாகப் பகுத்துள்ளார். அவற்றுள் பிரமாத சரியை என்பது ஒன்று. வீணாக நிலத்தை அகழ்தல், நீரைச் சிதைத்தல், தீ மூட்டுதல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, காரணமின்றித் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் அவர் அதில் சேர்த்திருக்கின்றார். பயணம் தன்னளவிலேயே பழுதற்றது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். காரணம் கேட்கப்பட வேண்டிய செயல்களுள் ஒன்றாகவே ஆசாரியார் அதனை வைத்தார்.

எனவே பேரனோடு அமர்ந்து அத்திட்டத்தை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். கென்யா சென்று திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இட்டுக்கொண்ட சான்று வைத்திருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் அதனை இடுகின்றனர். பயணத்திற்குப் பத்து நாள் முன்னரேனும் இட்டுக்கொள்ள வேண்டும். அறுபது வயது கடந்தோர் மருத்துவரிடம் கலந்தே முடிவு செய்ய வேண்டும். அத்தடுப்பு மருந்து கோழி முட்டைக் கருவில் வளர்த்து எடுக்கப்படுவது. நோய் வாய்ப்பட்ட உயிரைக் காக்க மருந்து கொள்வதற்கும், கேளிக்கைப் பயணத்திற்காக அதனை ஏற்பதற்கும் வேறுபாடு உண்டா என்று என் மருமகள் கேட்டாள். பேரன் உடனே விடை சொல்லவில்லை.

உணவைப் பற்றிய கவலை ஒருவாறு நீங்கியது. நைரோபியிலும் மொம்பாசாவிலும் குஜராத்திச் சமணர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர், ஜினாலயங்களும் உள்ளன. ஆயின் காலம்தான் இடித்தது. ஆகஸ்டு என்பது சாதுர்மாசத்தின் நடுப்பகுதி. மழையால் மண்ணெங்கும் சிற்றுயிர்கள் பெருகும் அந்நான்கு மாதங்களும், அவற்றின் மீது அடி படுமே என்றஞ்சி முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். இல்லறத்தாரும் இயன்றவரை பயணத்தைச் சுருக்குவர். முனிவர் நடைநிறுத்தி அமரும் அதே காலத்தில், 5,000 கிலோமீட்டர் பறந்து சென்று, விலங்குகள் நடப்பதைக் காணப் போகின்றோம் என்பது பொருந்துமா?

மறுதரப்பின் நியாயம்

பேரன் சொன்ன மறுமொழியை மறைப்பது நேர்மையாகாது. "காண வருவோர் இல்லையென்றால் அந்தக் காடு நிலைக்குமா, தாத்தா? வருவோர் தரும் கட்டணத்தால்தான் காவலர்க்கு ஊதியம். வருவாய் இல்லையெனில் வேலி போடுவார்கள், ஏர் ஓட்டுவார்கள். 2020-இல் பெருந்தொற்றால் பயணிகள் வருகை நின்றபோது அங்குள்ள மசாய் மக்கள் எவ்வளவு துன்புற்றார்கள்! நாம் போகாமலிருப்பதாலும் தீங்கு உண்டு அல்லவா?" என்றான்.

அவன் கூற்றில் உண்மை உண்டு. காண விரும்பும் மனிதர் இருப்பதனாலேயே காக்கப்படும் காடுகள் உலகில் பல. நான் என் திண்ணையில் அமர்ந்து விரதம் பேசுவதால் ஒரு வில்டபீஸ்டும் பிழைத்துவிடப் போவதில்லை. ஆகவே, செல்வது பாவம் என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற என்னால் இயலவில்லை.

அப்போது, இதுவரை வாய் திறவாது கேட்டுக்கொண்டிருந்த என் துணைவியார் ஒன்று கேட்டார். "அந்த ஆற்றங்கரையில் போய் நீ எதற்காகக் காத்திருப்பாய்?"

"அவை ஆற்றில் இறங்குவதற்காக, பாட்டி."

"இறங்கினால் முதலை பிடிக்கும் என்கிறாயே. இறங்காமல் திரும்பிப் போய்விட்டால் மகிழ்வாயா, வருந்துவாயா?"

பேரன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வருந்துவேன்" என்றான்.

என் மனத்தில் தெளிவின்றிக் கிடந்த வினா அப்பொழுதே உருப்பெற்றது. விலங்குகள் தம் பசிக்காக ஆற்றில் இறங்குகின்றன. முதலையும் தன் பிறவியின் இயல்பால் பற்றுகின்றது. அவற்றை நாம் தடுக்கவும் இயலாது. அவற்றின் வினை நம்முடையதும் அன்று. ஆனால் கரையில் நிற்பவனின் உள்ளத்தில் "இறங்க வேண்டும், நிகழ வேண்டும், என் கண்முன் நிகழ வேண்டும்" என்று எழும் அந்த வேட்கை அவனுடையதே. பிற உயிர்க்குக் கேடு நேரவேண்டுமென நினைத்தலை அபத்தியானம் என்று அநர்த்ததண்டத்துள் வைத்தனர் நம் முன்னோர். கேடு நேரவேண்டுமென்று எவரும் விரும்பிச் செல்வதில்லை. ஆயினும், கேடு நேராவிடில் வந்த பயணம் வீணாயிற்று என்று வருந்தும் உள்ளம் எங்கே நிற்கின்றது என்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வேட்கை உள்ளத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. தான்சானியப் பகுதியில், மாரா ஆற்றின் கொகடெண்டேக் கரையில், பயணிகள் ஊர்திகளை விட்டிறங்கி வழியை அடைத்து நிற்க, ஆற்றைக் கடக்க வந்த விலங்குகள் திகைத்துத் தடுமாறிய காட்சி 2025 ஜூலையில் உலகெங்கும் பரவிக் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அங்கே நின்றவர்கள் கொடியவர்கள் அல்லர். விலங்குகளிடம் அன்பு உடையவர்கள் என்றே தம்மைக் கருதியிருப்பர். இன்னும் சற்று அருகே, இன்னும் சற்றுத் தெளிவாக என்று அடியெடுத்து வைத்ததன் முடிவே அது.

என் குற்றம்

பிறரைச் சொல்வதற்கு முன் என்னைச் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டு தை மாதத்தில் பள்ளி மாணவர் சிலரைப் பழவேற்காட்டிற்கு அழைத்துச் சென்றேன். ஏரியில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நூற்றுக்கணக்கில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை நீரில் ஆழ்த்தி, சேற்றோடு வரும் நுண்ணுணவை வடித்து உண்பது அவற்றின் இயல்பு. இறகின் செந்நிறமும் அவ்வுணவினால் வருவதே. தொலைவில் வெண்மையாகவே தெரிந்தன. சிறகு விரித்தால்தான் அச்செம்மை தெரியும் என்று நான் படித்திருந்தேன். எனவே படகோட்டியிடம் இன்னும் அருகே செல்லச் சொன்னேன். பின்னர் மாணவர்களைக் கைதட்டச் சொன்னேன்.

கூட்டம் முழுவதும் ஒருங்கே எழுந்தது. அக்காட்சியின் அழகை நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் ஆரவாரித்தனர். ஒரு சிறுவன் மட்டும் என்னை நோக்கி, "ஐயா, அவை சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தன?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். பந்தியில் அமர்ந்து உண்பவரை எழுப்பி அனுப்புவது எத்துணை இழிவு என்று வகுப்பில் கற்பித்தவன் நானே. நெடுந்தொலைவு கடந்து வந்து உண்டு உடல் தேற்றிக்கொள்ளும் பறவைக்கு, வீணாக எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பே என்பதையும் பின்னரே அறிந்தேன். நான் கல்லெறியவில்லை, கண்ணி வைக்கவில்லை. காண விரும்பினேன், அவ்வளவே. ஆனால் அவ்விருப்பமே அப்பறவைகளின் உணவைக் கெடுத்தது.

எங்கள் ஊரில் ஆடி மாதத்தில் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் பெருங்கூட்டத்தை அறிவீர்கள். வேண்டுதலின் பொருட்டு வேப்பிலை உடுத்து வலம் வரும் பெண்களை, வெளியூரிலிருந்து வந்த சிலர் நெருங்கி நின்று படம் எடுத்தபோது, அப்பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை ஒருமுறை கண்டேன். அவர்களுக்கு அது நேர்த்திக்கடன். படம் எடுத்தவர்க்கு வேடிக்கை. வில்டபீஸ்டுக்கு ஆறு கடத்தல் உயிர்ப் போராட்டம். பூநாரைக்கு ஏரி உணவுத்தட்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் அவற்றுக்கு வழியில்லை. ஆதலின் காண்பவனே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும்.

நேமிநாதர் கண்டது

விலங்குகளைக் கண்ட ஒருவரின் வரலாறு நம் குழந்தைகளும் அறிந்ததே. திருமணத்திற்காகத் தேரேறி வந்த நேமிநாதர், வழியில் அடைக்கப்பட்டிருந்த விலங்குகளின் ஓலத்தைக் கேட்டார், அவை மணவிருந்திற்காக வைக்கப்பட்டவை என்று அறிந்தார், தேரைத் திருப்பினார், கிரிநார் மலைக்குத் துறவு பூண்டு சென்றார். அவர் அவ்விலங்குகளைத் தேடிச் சென்று காணவில்லை. தம் வழியில் நேர்ந்ததைக் கண்டார். அதற்குத் தாம் காரணமாகின்றோம் என்பதையும் உடன் கண்டார். அதனால் தம் வாழ்வை மாற்றிக்கொண்டார். நாம் காணும் காட்சிகளுள் நம்மை ஒரு விரற்கடையேனும் திருப்புவது எத்தனை?

அருகிலிருந்து தொடங்குதல்

இவ்வாறெல்லாம் பேசிய பின், பேரனிடம் ஒன்றே ஒன்று வேண்டினேன். "ஆப்பிரிக்கா செல்வதைப் பற்றிப் பின்னர் முடிவு செய். முதலில் நம் ஊர் வலசையைப் பார்" என்றேன். ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ள பழவேற்காட்டிற்கு அவன் ஒருமுறையும் சென்றதில்லை.

சில்காவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் சிறுபகுதி தமிழகத்திலும் கிடக்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வடக்கேயிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து சேர்கின்றன. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் பங்குனி வரை தங்குகின்றன. எங்கள் ஊர் வழியே ஓடும் ஆரணி ஆறு, பொன்னேரியைக் கடந்து, அவ்வேரியிலேயே கலக்கின்றது. நாங்கள் ஆற்றில் எறிவதும் கழிப்பதும் அப்பறவைகளின் உணவிலேயே சென்று சேரும் என்பது இதனால் விளங்கும்.

மார்கழியில் ஒரு விடியற்காலை புறப்பட்டுச் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில், ஏரியின் நடுவே கரையோரமாக நின்றோம். படகு ஏறவில்லை. கை தட்டவில்லை. பறவைகள் எட்டவே நின்றன, மேய்ந்தன, எழவில்லை. இரண்டு மணி நேரம் எதுவும் நிகழவில்லை. முதல் அரைமணியில் பேரன் மும்முறை கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு பார்க்கவில்லை. திரும்பி வரும்போது, "ஒன்றும் நடக்கவில்லை, தாத்தா. ஆனால் குறையாகத் தோன்றவில்லை" என்றான். எனக்கும் முப்பது ஆண்டுக்கு முந்தைய கடன் சிறிது தீர்ந்தாற்போல் இருந்தது.

இவ்வகைக் காட்சியொழுக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. வேடந்தாங்கல் ஊரார், தம் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டதைப் பொறாமல் ஆங்கில ஆட்சியரிடம் முறையிட்டு, 1798-இலேயே அவற்றைக் காக்கும் உரிமை பெற்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பகுதி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பகவான் வீடுபேறு எய்திய நாளை நாம் கொண்டாட வேண்டிய முறையை அச்சிற்றூரார் நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றனர்.

செரங்கெட்டியிலிருந்தே ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கின்றேன். 1890-களில் ஆப்பிரிக்காவில் பரவிய வெக்கை நோய் மாடுகளோடு வில்டபீஸ்ட்களையும் அழித்தது. 1960-களின் தொடக்கத்திலும் அவை ஏறத்தாழ 2.5 லட்சமே இருந்தன. அதன் பின் அவை பெருகியதற்கு முதன்மையான காரணம், சுற்றிலும் வாழ்ந்த மக்கள் தம் மாடுகளுக்குத் தடுப்பூசி இட்டதே. வீட்டு மாட்டின் நோய் நீங்க, காட்டு விலங்கின் நோயும் நீங்கியது. 1970-களின் இறுதிக்குள் அவை 13 லட்சத்தை எட்டின. தொழுவத்தில் காட்டிய பரிவு, எவரும் எதிர்பாராமலே, சமவெளி முழுவதையும் காத்தது.

எங்கள் இல்லத்தில் பயணம் இன்னும் முடிவாகவில்லை. ஆகஸ்டு என்பது மட்டும் நீங்கிவிட்டது. சாதுர்மாசம் கழிந்து, ஆறு கடக்கும் காட்சியை நாடாமல், அங்குள்ள மக்களுக்கும் காட்டிற்கும் பயன்படும் வழியில் செல்லலாமா என்று பேரன் எண்ணிக்கொண்டிருக்கின்றான். அவன் சென்றால் நான் தடுக்கப் போவதில்லை. புறப்படும் முன் தன் பாட்டியின் வினாவிற்கு மீண்டும் ஒருமுறை விடை சொல்லிவிட்டுச் செல் என்று மட்டும் கேட்பேன். நம் பிள்ளைகள் எங்கு சென்றாலும், எதனைக் கண்டாலும், "நான் இங்கு எது நிகழ வேண்டுமெனக் காத்திருக்கின்றேன்?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை இளமையிலேயே அவர்களுக்கு அளிப்போமாக.

உயிர்கள் யாவும் அச்சமின்றி வாழ்க!